பூமாரி பிசைந்த அம்மன்

பூமாரி சாமியாடி இல்லை. அவள் குடும்பத்திலும் யாரும் ஆடியது கிடையாது. இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு சபையில் நாற்காலி மேல் ஏறி நின்றே சொன்னேன். ஒரு போலீஸ்காரர் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினார். வேட்டி அவிழ்ந்த வெட்கம் அன்றோடு போயிற்று, அன்றைக்கு வந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் அழகியநம்பி. சொந்த ஊர் திருக்குறுங்குடிப் பக்கம். பிழைக்க வந்து திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்தில், கடலுக்குப் போகிற வழியில், புல்லுப்பறம்பு என்ற இடத்தில் பெட்டிக்கடை வைத்தேன். நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, பாத்தி கட்டிப் பாய்ச்சி, அதில் மாட்டுக்குப் புல் வளர்க்கிற பழைய பண்ணை ஒன்று அங்கே இருந்தது. புல் என்றால் சாதாரணப் புல் இல்லை. ஆள் உள்ளே போனால் தலை தெரியாது. அந்தப் புல்லை நம்பி மாடு வளர்க்கிற வீடுகள் பண்ணையின் இரு பக்க வேலியோரமும் வரிசையாக உண்டு. பாதிப்பேர் வள்ளியூர், பணகுடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் களியக்காவிளை, மார்த்தாண்டம்.

பூமாரி வள்ளியூர்க்காரி. புருஷன் வீரபாண்டி சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன். நல்லவன்தான், சனிக்கிழமை மட்டும் நல்லவன் இல்லை. ஒரே மகள் கௌசல்யா. மூன்று மாடு. பூமாரி நெடுநெடுவென்று வளர்ந்தவள். கூந்தலை எப்படி முடிந்தாலும் அரை நாழிகைக்கு மேல் நிற்காது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டால் முதலில் கை நடுங்கும், பிறகு உடம்பு நடுங்கும், பிறகு குரல் இரண்டாகப் பிளந்து எங்கேயோ போகும். என் கடையில் ஒரு தடவை பருத்திக்கொட்டை மூட்டையில் மண் கலந்திருந்ததற்கு அப்படி நடுங்கினாள். நான் உடனே வேறு மூட்டை கொடுத்தேன். இந்த நடுக்கத்தை இங்கேயே சொல்லி வைக்கிறேன். கதை முழுக்க அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

தொண்ணூற்றெட்டிலோ என்னவோ, பண்ணையை எடுத்துவிட்டுப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நகரம் பெருத்துவிட்டது, பாத்தி கட்டிப் பாய்ச்சிக் கட்டுப்படியாகாது என்றார்கள். நியாயம்தான். ஆனால் இப்படி ஒரு நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் கட்டிவிட முடியாதாம். கடலுக்குப் பக்கம் என்பதால் ஓர் அனுமதி, கட்டுவதற்கு ஓர் ஒப்புதல், கட்டியதை ஓட்டுவதற்கு இன்னொன்று. அதற்கெல்லாம் முன்னால் கிணறு எங்கே, வீடு எங்கே, கோயில் எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்து, பிறகு ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும். இளைஞர்கள் சிலர் கையில் கருவிகளோடு வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலியோரத்து வீடுகளில் சுண்ணாம்பால் எண் போட்டார்கள். எண் விழுந்த வீடு போகும் என்பது குழந்தைக்கும் தெரிந்தது.

இப்போது எல்லோரும் கேட்பார்கள்: போகச் சொன்னால் போக வேண்டியதுதானே, வேறு இடத்தில் வீடு தருகிறார்களே என்று. தருவார்கள். புல் தருவார்களா? மாட்டை எங்கே கட்டுவது? பூமாரிக்கு அதுதான் கவலை. அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாட்டைப் பற்றித்தான் புலம்பினாள்.

அப்போது வீரபாண்டி ஒரு யோசனை சொன்னான். சனிக்கிழமை யோசனை.

"நம்மூர்ல ரோடு போட வந்தப்ப என்னட்டி ஆச்சு? இசக்கி பீடம் குறுக்க நின்னுச்சு. ரோட்டையே வளைச்சுல்லா போட்டாவ!"

வயிற்றுப் பிள்ளையோடு அநியாயமாகச் செத்துப்போனவள் இசக்கியாக நிற்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுக்குக் கோயில் வேண்டியதில்லை. மரத்தடியில் கூம்பாக ஒரு மண் பீடம் போதும். ஆனால் அவளைத் தொட ஒருவனுக்கும் துணிச்சல் வராது. பூமாரி மறுநாளே பண்ணை வாய்க்கால் கரையிலிருந்து களிமண் வெட்டி வந்தாள். வைக்கோலும் சாணமும் சேர்த்து மிதித்துப் பிசைந்து, வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் இடுப்புயரப் பீடம் ஒன்றை எழுப்பினாள். சுண்ணாம்பு அடித்துக் காவி பூசினாள். புதிதாகத் தெரியக் கூடாது என்று விளக்குக் கரியும் எண்ணெயும் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினாள். தன் பழைய சேலையைக் கிழித்துக் கிளையில் ஒரு தொட்டில் கட்டினாள். கற்பூரம் என் கடையில் வாங்கினாள். என்னத்துக்கு இவ்வளவு கற்பூரம் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஒருத்திதான். அடுத்த வீட்டு லீலாபாய். மார்த்தாண்டத்துக்காரி, ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவள்.

"இல்லாத ஒண்ண உண்டாக்கப்பிடாது பிள்ளே," என்றாள். "உண்டாக்கினா அது நம்மள விடாது."

"எக்கா, ஒங்க வீட்டுக்கும் சேத்துத்தான் காவல் நிக்கப் போறா. பேசாம இருங்க," என்றாள் பூமாரி.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மேடையில் அதிகாரிகள், சுவரில் பெரிய வரைபடம். எல்லாம் மலையாளத்தில். பூமாரி முறை வந்ததும் அவள் எழுந்து, பால்காரிக்குரிய பணிவோடு, மெதுவாகச் சொன்னாள். வெகு காலத்துக்கு முன்னால் புல்லறுக்க வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் வாய்க்காலில் விழுந்து செத்தாள், அவள் அந்த மரத்தடியில் நிற்கிறாள், நாங்கள் தினமும் விளக்கு வைக்கிறோம், இவ்வளவுதான். நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை. அப்பேர்ப்பட்ட பொய்யை அவ்வளவு சாந்தமாகச் சொன்னவளை நான் பார்த்ததில்லை. மேடையில் இருந்தவர்கள் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு பேர் வந்து பீடத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்து, படம் எடுத்துப் போனார்கள்.

அனுமதி வந்தது. பூமாரி ஜெயித்துவிட்டாள். தொட்டிகள் இந்தப் பக்கம் வராது, திசை மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது வீரபாண்டி தெருவில் வெடி போட்டான்.

பிறகுதான் மெல்ல மெல்ல விளங்கியது. தொட்டிகள் எதிர்வரிசைக்குப் போயின. எதிர்வரிசைக்காரர்களுக்குத் தூரத்தில் ஒரு காலனியில் வீடு கிடைத்தது. இரண்டு அறை, குழாய், கக்கூஸ். அழுதுகொண்டே போனவர்கள் ஆறு மாதத்தில் சிரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். புல் பூராவும் மண்மூடிப் போயிற்று. பூமாரி வீடும் லீலாபாய் வீடும் இன்னும் மூன்று வீடுகளும் மட்டும் இசக்கியைச் சுற்றி மிஞ்சின. அந்த இடத்துக்குக் காகிதத்தில் பசுமை வளையம் என்று பெயர். அங்கே மரம் நடலாம். புதிதாக ஒன்றும் கட்டக் கூடாது, கட்டியதைப் பெரிதாக்கக் கூடாது. விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை. அரசாங்கமும் எடுத்துக்கொள்ளாது, எடுக்கத் தேவையில்லையே.

அனுமதியில் நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. மரம் இத்தனை நட வேண்டும், நாற்றம் இவ்வளவுக்கு மேல் வரக் கூடாது என்கிற வரிசையில், அங்கே இருக்கும் வழிபாட்டு இடத்தைக் காப்பாற்ற வேண்டும், வழிபாடு தடையில்லாமல் நடக்க வேண்டும், நடக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தெரிவிக்க வேண்டும் என்பதும் ஒன்று. வாய்க்கால் மண்ணில் பூமாரி பிசைந்தது சர்க்கார் நிபந்தனையாகிவிட்டது.

மாடுகள் போயின. அதை விரித்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. தம்பானூரிலிருந்து ஒரு வண்டி வந்தது, மூன்றையும் ஏற்றியது, பூமாரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அதற்குப் பிறகு மணக்காட்டில் வீட்டு வேலைக்குப் போனாள்.

நிலையத்துக்குச் சுற்றுமதில் எழும்பியது. ஐந்து வீட்டுக்குப் போகிற பாதை மதிலுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. எனவே வாசலில் காவலாளி, கையெழுத்து, மாலை ஆறு மணிக்குப் பூட்டு. பூமாரிக்கும் மற்றவர்களுக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். விருந்தாளி வந்தால் எதற்காக வந்தார் என்று எழுத வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்தால் வாசலில் இறக்கிவிட்டுப் போவான். ஓடு உடைந்தால் தார்ப்பாய்தான். மழைக்காலத்தில் லீலாபாய் கட்டிலுக்கு மேல் குடை கட்டிப் படுத்தாள். அந்த ஐந்து வீட்டுக்கும் கக்கூஸ் கட்ட அனுமதி கேட்டார்கள். பசுமை வளையத்தில் குழி தோண்டக் கூடாது என்று பதில் வந்தது.

"ஊரு முழுக்க உள்ள பீ எனக்க வாசல்ல வந்து விழுது," என்று லீலாபாய் என் கடையில் வைத்துக் கத்தினாள். "எனக்குப் போக எடமில்ல. இது எந்த நாட்டு நியாயம் ஓய்?"

நான் பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நிலையத்து இன்ஜினியர் ஸ்ரீகண்டன். தங்கமான மனுஷன், அதுதான் தொல்லையே. திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் போயிற்று. ஒவ்வொரு ஆடியிலும் அந்த வருஷத்துக் கொடைவிழா எப்போது என்று கேட்டுப் பூமாரி வாசலில் வந்து நிற்பார்.

"அம்மா, இக்கொல்லம் கொடை எப்போழாணு? ரிப்போர்ட்டில் போட்டோ வைக்கணும். வலுதா ஒண்ணும் வேண்டா, ஒரு பொங்கல் மதி."

ஒரு வருஷம் பூமாரி காய்ச்சலில் கிடந்து நாலைந்து நாள் விளக்கு வைக்கவில்லை. மனுஷன் பதறிப்போய்த் தானே எண்ணெய் வாங்கி வந்து, பாண்ட்டை மடித்துக் குந்தி உட்கார்ந்து திரி போட்டார். வழிபாடு நின்றது என்று யாராவது எழுதிப் போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

இதற்கிடையில் அம்மனுக்குப் பேர் வந்துவிட்டது. நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற பையன்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். அவர்களில் வன்னியராஜ் என்கிற குழாய் பிட்டர், கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாதவன், பூவரச மரத்தில் மரத் தொட்டில் ஒன்று கட்டினான். அடுத்த வருஷம் பெண் குழந்தை. அவ்வளவுதான், மரம் முழுக்கத் தொட்டில் தொங்க ஆரம்பித்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையாளத்துப் பெண்கள் வந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காவலாளிக்குக் கையெழுத்து வாங்கியே கை வலித்தது. வன்னியராஜ் கொடையில் சாமியாடினான். பூமாரி ஒரு நாளும் ஆடவில்லை. எண்ணெய் ஊற்றினாள், நெற்றிக்கு மஞ்சள் குழைத்த மஞ்சணை கொடுத்தாள், கூட்டம் போனதும் இடத்தைப் பெருக்கினாள்.

வீரபாண்டி இரண்டாயிரத்து நாலில் இறந்தான். பாடை வாசலுக்கு வந்தபோது புதுக் காவலாளி ஒருவன், சட்டம் தெரிந்தவன், வெளியே போகிறவர் பெயர் என்ன என்று கேட்டான். தூக்கி நின்ற நாலு பேரும் தோள் மாற்றிக்கொண்டார்கள். பூமாரிதான் சொன்னாள்: "வீரபாண்டின்னு எழுதிக்கிடுங்க. இனி உள்ள வர மாட்டாரு."

அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். கௌசல்யா விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கௌசல்யாவைப் பணகுடியில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மாசமானாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பூமாரி அழைத்து வந்தாள். வந்த இரண்டாம் நாளே நாற்றத்தில் பெண்ணுக்கு ஒரு வாய் சோறு உள்ளே தங்கவில்லை. ராத்திரி வலி வந்தால் ஆட்டோ உள்ளே வராது. கக்கூஸுக்கு எங்கே போவாள்? மருமகன் வந்தான். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "அத்தே, நானே கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொன்னான். ஊர்ப் பெண்களெல்லாம் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரத்துக்குக் கீழே நின்று, பூமாரி தன் பெண்ணை அனுப்பி வைத்தாள். பேரன் பணகுடியில் பிறந்தான். பிறகு எப்போதாவது அவனைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒரு நாளிலேயே குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். வாசலுக்கு வெளியே என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பூமாரி பேரனைக் கொஞ்சினாள். ஆறு மணி ஆனதும் குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.

"மருமகன் லாரிய இங்கயே ஓட்டுதேங்காரு அண்ணாச்சி," என்பாள் என்னிடம். "எனக்கு வெளிய ஒரு எடம் மட்டும் அமைஞ்சா மூணு பேரும் எங்கூட வந்து இருப்பாவ. காலனில ஒரு வீடு. அது போதும்."

அது அமைகிற மாதிரி வந்தது. இரண்டாயிரத்து எட்டில் நிலையத்தை இன்னும் பெரிதாக்கத் திட்டம் போட்டார்கள். மறுபடியும் பாட்டிலில் தண்ணீர், மறுபடியும் வரைபடம். இந்தத் தடவை ஐந்து வீட்டின் இடமும் தேவைப்பட்டது. ஐந்து வீட்டுக்கும் காலனியில் இடம் உண்டு என்று ஸ்ரீகண்டனே வந்து சொன்னார். ஆனால் ஒரே ஒரு முடிச்சு. பழைய அனுமதியின் நிபந்தனை. அம்மன் இருக்கிறவரை அந்த இடத்தில் கை வைக்க முடியாது.

"பிடிமண் எடுத்துக் கொண்டுபோயி வேற இடத்தில் வைக்கான் ஒக்குமோ?" என்று கேட்டார். பாவம், அதைக்கூட யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார்.

சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பழைய இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் பிடிமண் எடுத்தால் புது இடத்தில் இன்னொரு அம்மன் உண்டாவாளே தவிர, பழையவள் நகர மாட்டாள். மூலஸ்தானம் மூலஸ்தானம்தான். ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவே. வன்னியராஜும் மற்றவர்களும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அம்மனைத் தொட்டால் வேலைக்கு வர மாட்டோம் என்றும் சொன்னார்கள்.

ஆக, நகர்த்த முடியாது. அம்மனே இல்லை என்று சொல்லத்தான் முடியும்.

"சொல்லீருதேன் அண்ணாச்சி," என்றாள் பூமாரி. கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லீலாபாய். "கூட்டத்துல எந்திரிச்சு, நாந்தான் மண்ணப் பெசஞ்சு வச்சேன், அங்க ஒருத்தியும் சாகலன்னு சொல்லீருதேன். கேவலப்பட்டா பட்டுட்டுப் போறேன்."

"சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லு," என்றேன். "போன தடவை எப்படிச் சொன்ன? அந்த மாதிரி. யார் என்ன சொன்னாலும் கோபப்படாத."

"நான் பக்கத்துல இருக்கேன் பிள்ளே," என்றாள் லீலாபாய். "நானும் பாத்தவளாக்கும். சாட்சி சொல்லுவேன்."

அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் என் கடையில் சர்பத் குடித்துச் சிரித்தார்கள். காலனி வீட்டில் அடுப்படி கிழக்கே பார்த்து இருக்குமா, மேற்கே பார்த்து இருக்குமா என்று பேசிக்கொண்டார்கள். பூமாரி அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அதே பள்ளிக்கூட மண்டபம். இந்தத் தடவை கூட்டம் தாங்கவில்லை. அம்மனை எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி பரவி, செவ்வாய் வெள்ளி வருகிற பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மின்விசிறி ஓடவில்லை. மேடையில் தலைமை வகித்த அதிகாரி அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பூமாரி பெயர் வந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பீடத்த நான்தான் செஞ்சேன். அங்க ஒரு பொம்பளையும் சாகல. வீடு போயிரும்னு பயந்து நானும் எம் புருஷனும் சொன்ன பொய்யி அது."

 பின்னாலிருந்து ஒரு பெண் மலையாளத்தில் கத்தினாள், வீட்டுக்கு ஆசைப்பட்டு அம்மையை விற்கிறாள் என்று. இன்னொருத்தி, எவ்வளவு பணம் வாங்கினாய் என்று கேட்டாள். மைக் கீச்சிட்டது. நான் பூமாரியின் கையைப் பார்த்தேன். நடுங்க ஆரம்பித்திருந்தது.

"வேண்டாம் பூமாரி," என்று நான் நினைத்தேன். நினைத்து என்ன பயன்?

"நான் விக்கலட்டி!" என்றாள். குரல் பிளந்துவிட்டது. "பத்து வருஷமா நான் கெடந்து சாவுதேன்! எம் மாட்டத் தின்னா, எம் புருஷனத் தின்னா, எம் மவ பேறுகாலத்தத் தின்னா! ஒண்ணுமில்ல அங்க! வெறும் மண்ணு! எங் கையால பெசஞ்ச மண்ணு!" உடம்பு முழுக்க உதறியது. கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. மைக்கை விட்டுவிட்டுக் கையால் மேசையை அடித்தாள். "என்னய விடுங்க! என்னய வெளிய விடுங்க!"

வன்னியராஜ் ஓடிவந்து அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அம்மா, வந்துட்டியா தாயே!" என்று அலறினான். அவனைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவன் விழுந்ததும் முன்வரிசைப் பெண்கள் எழுந்து குலவை போட்டார்கள். மண்டபம் முழுக்கக் குலவை. யாரோ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வேப்பங்கொத்தை முறித்து அவள் கையில் திணித்தார்கள். அவள் அதைத் தூக்கி எறிந்தாள். எறிந்ததும் குலவை இன்னும் ஓங்கியது. ஒரு கிழவி செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள்.

லீலாபாய் மேடைக்குப் போகிற படியில் ஏறி நின்று அடித் தொண்டையில் கத்தினாள். "அவ ஆடல! உள்ளதச் சொல்லுதா! அவ ஆடல!"

"வேதக்காரிக்கு இங்க என்ன பேச்சு? இறங்கு!" என்று நாலு பேர் அவளை இழுத்தார்கள்.

நான் நாற்காலி மேல் ஏறினேன். அந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதிகாரி அம்மா எழுந்து நின்றுவிட்டாள். படித்தவள், பதவியில் இருப்பவள். ஆனால் அவள் கைகள் கும்பிட்டிருந்தன. பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். பூமாரி சொன்ன விஷயம் ஒரு வரியாகப் பதிவாயிற்று என்று பிறகு ஸ்ரீகண்டன் சொன்னார்: வழிபாட்டு இடத்தை மாற்றுவதற்குப் பூசாரி கடும் எதிர்ப்பு.

பூமாரி நனைந்த சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நின்றுவிட்டது. பெண்கள் வரிசையாக வந்து அவள் காலைத் தொட்டுப் போனார்கள். அவள் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. தொட்டிகள் மறுபடியும் வளைந்து போயின. இப்போது மூன்று பக்கமும் தொட்டி. மற்ற நாலு வீட்டை எடுத்துக்கொள்ள வழி கண்டுபிடித்து, அவர்களைக் காலனிக்கு அனுப்பினார்கள். லீலாபாய் போகிற அன்று பூமாரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பூமாரியின் வீடு மட்டும் பூசாரி குடியிருப்பு என்று புது நிபந்தனையில் சேர்ந்துவிட்டது. பீடத்தைச் சுற்றி இரும்புக் கம்பியும் மின்சார விளக்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

சொந்த விஷயமாக யாரும் உள்ளே போகக் கூடாது என்பது இப்போதைய விதி. சாமி கும்பிட மட்டும் போகலாம். கௌசல்யா தன் அம்மாவைப் பார்க்க வந்தாலும், வழிபாடு என்று எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மூச்சிழுக்கும் பேரனை இப்போது அவள் கூட்டி வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நானும் அப்படி எழுதிவிட்டுப் போனேன். முறுக்குப் பொட்டலம் கொண்டு போயிருந்தேன். கூட்டம் கலைந்து, பூமாரி பூவரச இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. விளக்குமாற்றைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டிகளில் தண்ணீர் சுழல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு நான் ஆடுனேனா?"

"இல்ல. பேசத்தான் செஞ்ச."

"எல்லாரும் ஆடுனேங்காவளே. கௌசல்யாவே சொல்லுதா." மடியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள். "எனக்கே இப்பம் சந்தேகமா இருக்கு. ராத்திரி வெளக்கு வைக்காமப் படுத்தா ஒறக்கம் வர மாட்டேங்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பீடத்தை எட்டி உதைத்தால் என்ன என்று தோன்றியது. உதைக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஒரு நிபந்தனை வரும்.

வாசலில் ஆறு மணிப் பூட்டுக்கு முந்தின எச்சரிக்கை மணி அடித்தது. நான் எழுந்தேன். "கொஞ்சம் நில்லுங்க," என்று சொல்லிப் பூமாரி தட்டிலிருந்து மஞ்சணையை விரலில் தொட்டுக்கொண்டு வந்தாள். இந்த அழகியநம்பிக்கா, அவள் மண் மிதித்த கதையைக் கேட்டுச் சிரித்தவனுக்கா என்று அவளை ஏறிட்டேன்.

"பூசிக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள். "நெத்தியில இது இல்லேன்னா, கும்பிட வரலன்னு வாச்மேன் அடுத்த தடவ ஒங்கள உள்ள விட மாட்டான்."

நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.